வேட்டைக்கும் ஒரு பதக்கமா?

அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் நின்று வாக்களிப்பதை இப்போதெல்லாம் அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. 2023 செப்டம்பர் 26 அன்று பிரதிநிதிகள் அவையில் அது நடந்தது. ஆதரவு 424, எதிர்ப்பு 1. பள்ளிப் பிள்ளைகளுக்கு வில்வித்தையும் வேட்டைக் கல்வியும் கற்றுத்தரும் வகுப்புகளுக்கு அரசுப் பணம் நின்றுவிடக் கூடாது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அக்டோபர் 6 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட, அது சட்டமானது. வகுப்பு நடத்தலாமா என்ற கேள்வி அத்துடன் முடிந்தது. அதை ஒட்டி நிற்கும் இன்னொரு கேள்வி முடியவில்லை: பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துச் செல்லும் சாரணர் போன்ற இயக்கங்கள், நீச்சலுக்கும் முதலுதவிக்கும் பதக்கம் தருவதைப் போல வேட்டைக்கும் தரலாமா?

தரக் கூடாது என்பது என் கருத்து. வேட்டை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவன் அல்ல நான். கறி சமைக்கும் வீட்டில் வளர்ந்தவன். தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது நல்லது என்று நம்புகிறவன். என் கவலை பதக்கத்தைப் பற்றியது.

இது எங்கோ நடக்கிற பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சாரணர் சீருடை அணிந்து முகாமுக்குப் போகிறார்கள். இங்கே நம் ஊரிலும் கோடை முகாம் விளம்பரங்களில் வில்லும் ஏர் கன்னும் இடம்பிடித்துவிட்டன. வெளியில் விளையாடவே மறந்துபோன ஒரு தலைமுறையை வெளியே இழுக்க என்னென்ன செய்யலாம் என்று எல்லாப் பெற்றோரும் யோசிக்கும் காலம் இது.

சட்டம் ஏன் வந்தது?

2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டே நகரத் தொடக்கப் பள்ளியில் ஒருவன் துப்பாக்கியுடன் நுழைந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றான். ஒரே மாதத்தில், ஜூன் 25 அன்று, துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பள்ளிக்கல்விக்கான மத்திய நிதியை, ஆபத்தான ஆயுதங்களில் பயிற்சி தருவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது.

பள்ளிக்குள் ஆயுதம் புழங்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதிய வரி அது. ஆனால், கல்வித் துறை அதை வில்வித்தை வகுப்புக்கும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கும் சேர்த்தே பொருத்திப் படித்தது. சிற்றூர்ப் பள்ளிகள் பதறின. பெற்றோர் கொதித்தார்கள். அதனால்தான் 2023இல் திருத்தம் வந்தது. வில்வித்தை, வேட்டை, குறிபார்த்துச் சுடும் விளையாட்டு ஆகியவற்றோடு சமையல் வகுப்பையும் அந்தத் திருத்தம் தடையிலிருந்து விடுவித்தது. சமையலறைக் கத்தியும் ஆயுதக் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்கிற அளவுக்கு அச்சம் பரவியிருந்தது.

அந்தப் பெற்றோரின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருக்கும் ஊரில், அதை எப்படித் தொடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தராமல் விடுவது ஆபத்து. நியூயார்க் மாநிலம் 1949இலேயே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. வேலி தாண்டும் முன் தோட்டாவை வெளியே எடுத்துவிடு, சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே என்பவைதான் அதன் பாலபாடம். இது உயிர் காக்கும் கல்வி. இதை நிறுத்தச் சொல்பவர்களோடு நான் இல்லை.

இன்றைய நிலை

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910இல் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. நான் பதக்கம் என்று சொல்வது அங்கே திறன் சின்னம்; 130க்கும் மேற்பட்டவை உண்டு. அவற்றில் 21 பெற்றால்தான் 'கழுகு' என்கிற உச்ச நிலையை எட்ட முடியும். ரைபிளுக்கு ஒன்று, ஷாட்கன்னுக்கு ஒன்று, வில்லுக்கு ஒன்று, மீன்பிடிக்க ஒன்று என்று சின்னங்கள் இருக்கின்றன. வேட்டைக்கு இல்லை.

ரைபிள் சின்னம் வேண்டும் என்றால் தன் மாநில வேட்டைச் சட்டத்தைப் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும். காட்டுயிர் மேலாண்மையில் வேட்டையின் பங்கு என்ன என்றும் சொல்ல வேண்டும். சுடுவதோ காகிதக் குறியை மட்டும். சாரணர் படைகள் வேட்டைப் பயணம் நடத்தக் கூடாது என்று இயக்கம் வெகுகாலமாகவே விதி வைத்திருந்தது. 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான 'வென்ச்சரிங்' பிரிவுக்கு மட்டும் உரிமம் பெற்றுக்கொண்டு போக அனுமதி இருந்தது. அந்தப் பிரிவின் 'ரேஞ்சர்' விருதுக்கான விருப்பப் பாடங்களில் வேட்டையும் ஒன்று. விவசாயக் குடும்பப் பிள்ளைகள் பெருமளவில் சேரும் '4-ஹெச்' இயக்கத்திலும், துப்பாக்கி சுடும் பிரிவுகளில் வேட்டைக்கென்று தனிப் பிரிவு உண்டு.

ஆக, கதவு ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. மீதியையும் திறந்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்கச் சாரணர்களின் 1911ஆம் ஆண்டுக் கையேட்டைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தோல் பாடம்செய்யும் கலைக்கு அதில் ஒரு சின்னம் உண்டு. வேட்டைக் காலத்தில் கொன்ற விலங்கின் தோலைப் பதப்படுத்திக் காட்ட வேண்டும். அதே கையேட்டில், விலங்கை ஓசையின்றிப் பின்தொடரும் திறனுக்கும் ஒரு சின்னம். அதற்கு என்ன செய்ய வேண்டும்? காட்டில் உயிரோடு உலவும் விலங்குகளையோ பறவைகளையோ 20 ஒளிப்படங்கள் எடுத்து, தானே கழுவி அச்சிட வேண்டும். பெட்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஒரு பறவைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த அந்தக் காலத்துச் சிறுவனை எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி 100 அடியில் முடித்துவிடும் வேலைக்கு அவன் 10 அடி வரை போக வேண்டியிருந்தது.

இரண்டு சின்னங்களுமே 1950களில் கைவிடப்பட்டன. முதலாவது போனதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவதைக் கைவிட்டது பெரிய பிழை.

பணம் எங்கிருந்து வருகிறது?

வேட்டைக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற குரல் வெறும் பாரம்பரியப் பாசத்தால் எழுவதல்ல. அதற்குப் பின்னால் ஒரு நிதிச் சிக்கல் இருக்கிறது. சாதாரண வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது.

அமெரிக்காவில் 1937இல் ஒரு சட்டம் வந்தது. பிட்மன், ராபர்ட்சன் என்கிற இரண்டு மக்கள் பிரதிநிதிகளின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ரைபிள், ஷாட்கன், தோட்டா ஆகியவற்றுக்கு 11 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகும். வேட்டை உரிமக் கட்டணமும் அதே வேலைக்குத்தான். காட்டை வாங்கிப் பாதுகாப்பது, அழிந்த இனங்களை மீட்பது, ஆய்வாளர்களுக்குச் சம்பளம் என எல்லாவற்றிலும் இந்தப் பணம் இருக்கிறது. 1900 வாக்கில் 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்ட வெள்ளைவால் மான் இன்று ஏறத்தாழ 3 கோடியாகப் பெருகியிருப்பதில் இதற்கும் பங்குண்டு.

பெருகிய மானே இப்போது தொல்லை. ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பல மாநிலங்களில் மனிதர்கள் என்றோ ஒழித்துவிட்டார்கள். மானைத் தின்ன ஆளில்லை. காட்டின் இளங்கன்றுகளை அவை மேய்ந்து தீர்க்கின்றன. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை வாகனங்கள் மான்மீது மோதுகின்றன. 'நாங்கள் சுடாவிட்டால் யார் குறைப்பது?' என்று வேட்டைக்காரர்கள் கேட்பது வெற்றுப் பேச்சல்ல.

ஆனால், சுடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து அந்நாட்டு மக்கள்தொகை 10 கோடி கூடியிருக்கிறது. வேட்டைக்காரர் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி வேட்டைக்குப் போனவர்கள் 1 கோடியே 44 லட்சம் பேர். உரிமக் கட்டணம் குறைந்தால் காட்டுயிர்த் துறையின் கல்லா காலியாகும். எனவே புதியவர்களைச் சேர்க்க வேண்டும், அதுவும் சிறுவயதிலேயே சேர்க்க வேண்டும் என்று துறைகளே திட்டம் போடுகின்றன. விஸ்கான்சின் மாநிலம் 2017 நவம்பரில், பெரியவர் துணையோடு வேட்டையாடுவதற்கான குறைந்தபட்ச வயது வரம்பை நீக்கியே விட்டது.

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காட்டைக் காக்கப் பணம் தேட வேண்டியது அரசின் பொறுப்பு. அந்தப் பாரத்தைப் பிள்ளைகளின் சட்டைப் பையில் குத்தும் சின்னத்தின் மீது ஏற்றுவது முறையல்ல. வேறு வழிகளும் இருக்கின்றன. மிசௌரி மாநில மக்கள் 1976இல் தாங்களே வாக்களித்து, வாங்கும் பொருளுக்கெல்லாம் ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு வரி கட்ட ஒப்புக்கொண்டார்கள். 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட் காட்டுக்குப் போகும். துப்பாக்கியே தொடாதவரும் காட்டுக்குத் தன் பங்கைத் தருகிறார்.

அதே 2022 கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. பறவைகளையும் விலங்குகளையும் பார்த்து மகிழ்பவர்கள் 14 கோடியே 80 லட்சம் பேர். வேட்டைக்காரர்களைவிடப் பத்து மடங்கு. பைனாகுலர், முதுகுப்பை போன்றவற்றின் மீதும் சிறு வரி போடலாம் என்ற யோசனை 1990களில் எழுந்தது, நிறைவேறவில்லை. அதைத் தூசி தட்டி எடுக்கலாம்.

பதக்கம் பிள்ளையிடம் என்ன சொல்கிறது?

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது உண்டிவில்லால் ஒரு மைனாவை அடித்தேன். வேப்பமரத்தில் இருந்தது. குறி விழும் என்று நானே நம்பவில்லை. விழுந்ததும் கூட இருந்த பையன்கள் கைதட்டினார்கள். ஒருவன் சத்தமாக 'ஒண்ணு!' என்றான். மைனா உடனே சாகவில்லை. மஞ்சள் வளையமிட்ட அதன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் அன்று மாலை நான் இரண்டாவதைத் தேடிப் போனேன். என்னைப் போகவைத்தது உண்டிவில் அல்ல, அந்த 'ஒண்ணு' என்ற எண்ணிக்கை.

பதக்கம் அந்த எண்ணிக்கையின் அச்சிட்ட வடிவம். பிள்ளையின் மனதில் இயல்பாக எழும் தயக்கத்தை ஊரார் முன்னிலையில் பாராட்டி அழுத்திவிடும் ஆற்றல் அதற்கு உண்டு.

நடைமுறையில் வரும் கேடு இன்னும் பெரிது. முகாமின் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் மங்குகிறது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் புதர் மறைவில் காத்திருக்கிறான். மற்றத் தேர்ச்சிகளெல்லாம் முடித்துவிட்டான், இந்த ஒன்றுதான் பாக்கி. மான் வருகிறது, பாதி உடல் மரத்துக்குப் பின்னால். பழுத்த வேட்டைக்காரர் அந்த நேரத்தில் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார். தப்பாகப் பட்டால் மான் காயத்தோடு ஓடும், இரவெல்லாம் ரத்தத் தடம் பார்த்து அலைய வேண்டும், அப்படியும் கிடைக்காமல் எங்கோ ஒரு பள்ளத்தில் அது இரண்டு நாள் கிடந்து சாகும் என்பது அவருக்குத் தெரியும். 'இன்று வேண்டாம்' என்று வெறுங்கையோடு திரும்புவதுதான் அந்தத் தொழிலின் உயர்ந்த பாடம். பாக்கி இருக்கும் ஒரு தேர்ச்சியும், நாளை காலை கிளம்பப்போகும் பேருந்தும் அந்தப் பையனுக்கு அந்தப் பாடத்தைக் கற்க விடுமா?

நீச்சலில் தோற்றால் அடுத்த வாரம் மறுபடி நீந்தலாம். முடிச்சுப் போடத் தெரியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துத் திரும்பப் போடலாம். வேட்டையில் பிள்ளையின் பிழைக்கு விலை கொடுப்பது இன்னொரு உயிர்.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டா உடலுக்குள் சிதறும்போது ஈயத் துணுக்குகள் கறியிலும் குடலிலும் தங்கிவிடுகின்றன. காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறிச் சாகின்றன. 1982இல் வெறும் 22 ஆகச் சுருங்கிப்போன கலிபோர்னியப் பெருங்கழுகுக்கு இன்றும் பெரிய எதிரி ஈயம்தான். அதனால் கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுவதுமாகத் தடைசெய்தது. இந்தக் கறியைத்தான் பிள்ளைகளும் உண்கிறார்கள்.

'வேட்டைதானே சாலிம் அலியை உருவாக்கியது?'

வேட்டையை ஆதரிக்கும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பறவையியலாளர் சாலிம் அலி பம்பாயில் சிறுவனாக இருந்தபோது ஏர் கன்னால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அந்த ஒரு குருவியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று அவரே தன் வாழ்க்கைக் கதைக்குப் பெயர் வைத்தார்.

கதையின் அடுத்த பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது என்ன குருவி, இதைத் தின்னலாமா என்று பையனுக்குச் சந்தேகம் வந்தது. மாமாவிடம் கேட்டான். மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, ஒரு சிறுவன்தானே என்று விரட்டாமல், இழுப்பறைகளைத் திறந்து நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். சுட்ட பையன்கள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இழுப்பறையைத் திறந்து காட்ட ஒரு மில்லார்டு கிடைத்தவன் ஒருவன்.

சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இந்தியாவில் குதிரைமீது ஈட்டியேந்திக் காட்டுப்பன்றி வேட்டையாடியவர். 1883இல் அதற்கான காதிர் கோப்பையை வென்றவர், அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவர் 1907இல் பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களோடு முதல் முகாம் நடத்தி, பிறகு சாரணர் விதிகளை எழுதியபோது, சாரணன் விலங்குகளின் தோழன் என்று ஒரு விதி வைத்தார். அதே 1907இல்தான் ஜிம் கார்பெட், 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியைக் குமாவோன் மலையில் சுட்டு வீழ்த்தினார். பிற்காலத்தில் கார்பெட் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். கென்யாவின் நியேரி ஊரில், பேடன் பவல் கடைசிக் காலத்தில் வாழ்ந்த அதே குடிலில் கார்பெட் வாழ்ந்து மறைந்தார். இருவரின் கல்லறைகளும் அந்த ஊரில்தான் இருக்கின்றன. வேட்டையை நன்றாக அறிந்த இருவர் வந்துசேர்ந்த இடத்திலிருந்து நம் பிள்ளைகள் தொடங்கினால் என்ன?

வேட்டை வாழ்வாக இருக்கும் இடங்கள்

எல்லா இடத்துக்கும் ஒரே நீதி பேச நான் தயாரில்லை. கனடாவின் வடகோடிக் குடியிருப்புகளில், இனுயிட், கிரீ இனப் பிள்ளைகளுக்கு வேட்டை என்பது உணவு. அங்கே 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கான 'ஜூனியர் கனடியன் ரேஞ்சர்ஸ்' திட்டத்தில் ஊர்ப் பெரியவர்களே வேட்டையையும் மீன்பிடிப்பையும் பனியில் பிழைக்கும் வழிகளையும் கற்றுத்தருகிறார்கள். முதலில் கிடைத்த கறி ஊருக்குப் பகிரப்படுகிறது. அந்தக் கல்வியை நகரத்திலிருந்து போய் யாரும் தடுக்கக் கூடாது.

நம் இலக்கியத்திலும் இப்படி ஒரு பையன் இருக்கிறான். திண்ணன். பெரியபுராணத்தில் அவனுக்கு முதலில் வில் பயிற்சி, அதற்கென்று ஊர்விழா, பிறகுதான் 'கன்னி வேட்டை'. அந்த வேட்டைக் காட்சியில் சேக்கிழார் தரும் ஒரு விவரம் என்னை நிறுத்திவைத்தது. அந்த மறவர்கள் யானைக் கன்றுகளைத் துரத்தவில்லை; சிறு குட்டிகளைக் கொல்லவில்லை; வயிற்றில் கருவோடு நடை தளர்ந்த பிணைகளைத் துன்புறுத்தவில்லை. 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வேட்டைச் சட்டம் இது. அதைக் காவலர் யாரும் காக்கவில்லை. கூட வந்த பெரியவர்களின் கண் காத்தது.

அந்தப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பதக்கம் தேவைப்படுவதில்லை. அவர்கள் இல்லாத இடத்தில் பதக்கத்தால் அவர்களை உண்டாக்கவும் முடியாது.

இருளரிடம் கற்க வேண்டியது

இந்தியாவில் 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வணிகமும் நின்றபோது, செங்கல்பட்டுப் பக்கத்தில் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு போனது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து அந்த விஷத்திலிருந்து செய்யப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக வந்த வேட்டைத்திறன் அப்படியே இருக்கிறது. கொல்வது மட்டும் நின்றுவிட்டது.

2017 ஜனவரியில் அந்த இருளர்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டார்கள். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பு அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. காலடியில் கிடந்தாலும் தெரியாது. வந்த இரண்டு வாரத்துக்குள் இவர்கள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். கையில் துப்பாக்கி இல்லை. கடப்பாறையும், புல் படுத்திருக்கும் விதத்தைப் படிக்கும் கண்ணும்தான். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பாம்புகள் பின்னர் அழிக்கப்பட வேண்டியவைதாம், அதை நான் மறைக்கவில்லை. தேவை வரும்போது பொறுப்புள்ள பெரியவர்கள் செய்யும் வேலை அது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததும் அந்த வகைதான். யாரும் அதற்குப் பதக்கம் கேட்கவில்லை.

என்ன செய்யலாம்?

அமெரிக்கச் சாரணர் இயக்கம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பைத் தொடரட்டும். ரைபிள் சின்னம் காகிதக் குறியோடு நிற்கட்டும். எந்த விருதுக்கும், விருப்பப் பாடமாகக்கூட, ஓர் உயிரைக் கொன்றதைத் தேர்ச்சியாகக் கணக்கிட வேண்டாம். வேட்டையாடும் குடும்பத்துப் பிள்ளை தன் அப்பாவோடும் தாத்தாவோடும் சட்டப்படி போகட்டும். அது அந்தக் குடும்பத்தின் விஷயம். ஜெர்மனியில் 16 வயதில்தான் இளையோர் வேட்டை உரிமம் கிடைக்கும். அதற்கு விலங்கியல், சட்டம், ஆயுதம், இறைச்சிச் சுகாதாரம் எல்லாம் படித்துக் கடினமான தேர்வு எழுத வேண்டும். 18 வயது வரை பெரியவர் துணையில்லாமல் வேட்டைக்குப் போக முடியாது. வயது வரம்பை நீக்கிய மாநிலங்கள் இதைப் பார்க்க வேண்டும்.

1950களில் கைவிட்ட பின்தொடரும் சின்னத்தை மீண்டும் கொண்டுவரலாம். ஈர மண்ணில் குளம்படி பார்த்து எந்த விலங்கு, எப்போது போனது, நடந்ததா ஓடியதா என்று சொல்வது. புழுக்கையையும் எச்சத்தையும் வைத்து என்ன தின்றது என்று கண்டுபிடிப்பது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நெருங்குவது. தானியங்கிக் கேமரா வைத்து ஒரு மாதம் பதிவுசெய்வது. வேட்டைக்காரர் சொல்லித்தரக்கூடிய அறிவில் பெரும்பகுதி இதுதான். அவரையே பயிற்சியாளராக அழைக்கலாம்.

நம் ஊரில் சாரணர் படை இருக்கும் பள்ளிகள், இருளர், காணிக்காரர், பளியர் சமூகப் பெரியவர்களை ஆண்டுக்குச் சில நாள்களாவது ஆசிரியர்களாக அழைத்து, உரிய சம்பளம் தரலாம். பாராட்டுப் பொன்னாடை போதாது, சம்பளம் தர வேண்டும்.

எண்ணிக்கை வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணிகளாகப் பிரிந்து, யார் அதிகப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று போட்டி வைப்பார்கள். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று அழைத்தார். 27 பேர் வந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு 120 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது. பறவைகள் எங்கே குறைகின்றன என்று அறிய விஞ்ஞானிகள் நாடும் தரவு அது.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணுகிறார்கள். அதே பொங்கலை ஒட்டித்தான் பல ஊர்களில் முயல் வேட்டைக்கும் இளைஞர்கள் கிளம்புகிறார்கள். வனத்துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது, வழக்குப் போடுகிறது, சில பிள்ளைகளின் எதிர்காலம் காவல் நிலையத்தில் போய் முடிகிறது. தலைமையாசிரியர்கள் டிசம்பர் மாதமே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இந்தக் கணக்கெடுப்பை அறிவிக்கலாம். சாரணர் படைக்கு அதையே ஒரு தேர்ச்சியாக வைக்கலாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கண்மாய்க் கரையிலோ பள்ளி வேப்பமரத்தடியிலோ 15 நிமிடம் சத்தமில்லாமல் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் இனம்வாரியாக எண்ணி 'இ-பேர்டு' தளத்தில் பதிந்தால் போதும். காகம் எத்தனை, கொக்கு எத்தனை, மைனா எத்தனை என்று.